எஞ்சின் நின்ற பிறகு

அமெரிக்காவில் வாத்து வேட்டைக்குப் போகிறவர் துப்பாக்கியைத் தொடுமுன் தெரிந்துகொள்ள வேண்டிய சட்டம் ஏராளம். அதில் எனக்குப் பிடித்தது படகைப் பற்றியது. மோட்டார் படகிலிருந்து சுடலாம். ஆனால் எஞ்சினை அணைத்திருக்க வேண்டும். அணைத்தால் மட்டும் போதாது, ஓடி வந்த வேகமும் அடங்கிப் படகு நின்றிருக்க வேண்டும். பாய்மரப் படகென்றால் பாயைச் சுருட்டியிருக்க வேண்டும். பறவையைத் துரத்திப் போகாதே, அதுவாக வரட்டும் என்பதுதான் சாரம். அடிபட்டு விழுந்ததை எடுத்துவர மட்டும் எஞ்சினைப் போட்டுக்கொள்ளலாம்.

மேரிலாந்தில், செசபீக் விரிகுடாவின் தலைமாட்டில், சஸ்குவெஹானா ஆறு வந்து சேரும் இடத்தில் ஆழமில்லாத பெரிய நீர்ப்பரப்பு ஒன்று உண்டு. உள்ளூரில் 'ஃபிளாட்ஸ்' என்பார்கள். என்னோடு வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவர் குளிர்காலம் வந்தால் அங்கேதான் கிடப்பார். ஒருமுறை வேடிக்கை பார்க்க என்னையும் ஏற்றிக்கொண்டார்.

சூரிய உதயத்துக்கு அரை மணி முன்பிருந்து அஸ்தமனம் வரைதான் சுட அனுமதி. அந்த நேரம் தொடங்குமுன் பொம்மை வாத்துகளைப் பரப்பியாக வேண்டும் என்று நல்ல இருட்டிலேயே வேலையைத் தொடங்கினார். நீளக் கயிற்றில் கோத்து வரிசை வரிசையாக மிதக்கவிட்டார். வாத்து காற்றை எதிர்த்துத்தான் இறங்கும். அதனால் காற்று நம் முதுகில் படும்படி நங்கூரம். பொம்மைகளுக்கு நடுவே மட்டும் ஒரு வெற்றிடம், பந்தியில் இலை போட்டு ஆள் உட்காராத இடம் மாதிரி. வருகிற கூட்டம் அங்கேதான் குறிவைத்து இறங்குமாம். விரல் மரத்துப்போகும் தண்ணீரில் இத்தனையும் முணுமுணுப்பில்லாமல் செய்தார். அவருடைய செசபீக் ரெட்ரீவர் நாய் படகின் முனையில் குந்தியிருந்தது. எண்ணெய்ப் பசையுள்ள ரோமம் அதற்கு. ஒரு உதறு உதறினால் தண்ணீரெல்லாம் என் மேல்.

துப்பாக்கியில் தோட்டா போகும் குழாய்க்குள் ஒரு மரக்குச்சியைச் செருகி வைத்திருந்தார். மூன்று தோட்டாவுக்கு மேல் கொள்ளக்கூடாது என்பது சட்டம். ஐந்து கொள்கிற துப்பாக்கியை இப்படி முடக்குவானேன் என்றேன். "ஐந்து இருந்தால் ஐந்தும் சுட்டுவிடுவேனே" என்றார்.

இந்தச் சட்டப் புத்தகத்தைப் புரட்டினால் ஒவ்வொரு தடைக்குப் பின்னாலும் யாரோ ஒருவரின் கெட்டிக்காரத்தனம் தெரிகிறது. குழல் அகலத்தில் பத்து கேஜை விடப் பெரிய துப்பாக்கி கூடாது என்கிறது ஒரு விதி. ஒரு காலத்தில் இங்கே சிறு படகின் மூக்கில் பீரங்கி மாதிரி ஒரு துப்பாக்கியைப் படுக்க வைத்து, இரவில் சத்தமில்லாமல் துடுப்புப் போட்டுப் போய், தூங்கும் கூட்டத்துக்குள் ஒரே வெடி வெடிப்பார்கள். ஒரு வெடிக்கு டஜன் கணக்கில் விழும். இன்னொரு விதி 'சிங்க்பாக்ஸ்' கூடாது என்கிறது. அது சவப்பெட்டி அளவில் ஒரு மரப்பெட்டி. நாலு பக்கமும் சிறகு போலப் பலகை விரிந்திருக்கும். அந்தப் பலகைகள் மேல் இரும்பு வாத்துகளை வைத்து, விளிம்பு நீர்மட்டத்துக்கு வரும்வரை அமிழ்த்துவார்கள். உள்ளே மல்லாந்து படுத்திருப்பவன் பறவையின் கண்ணில் படவே மாட்டான். உயிருள்ள வாத்தைக் கட்டிவைத்துக் கூப்பிட வைப்பது, தானியம் இறைத்து வரவழைப்பது என்று வேறு வித்தைகளும் இருந்தன. 1935இல் சிங்க்பாக்ஸையும் உயிர் வாத்தையும் தானியத்தையும் சேர்த்தே ஒழித்தார்கள்.

இத்தனைக்கும் தூண்டுதல் வயிறுதான்; அதுவும் ஊரார் வயிறு. பால்டிமோர், ஃபிலடெல்ஃபியா, நியூயார்க் ஹோட்டல்களில் 'கேன்வாஸ்பேக்' வாத்துக்கு ஏகப்பட்ட மவுசு. இந்த ஃபிளாட்ஸின் அடியில் வளரும் ஒருவகை நாடாப்புல்லைத் தின்று கொழுத்த வாத்துக்குத் தனி ருசி என்று பணக்காரர்கள் கேட்டுக் கேட்டு வாங்கினார்கள். பீப்பாய் பீப்பாயாக ரயிலில் போயிற்று. 1918இல் வந்த வலசைப் பறவைச் சட்டத்துக்குப் பிறகு சுட்டதை விற்கக்கூடாது என்றாயிற்று. என் கணக்கில் மற்ற விதிகளெல்லாம் சில்லறை. வாத்துகளை உண்மையில் காப்பாற்றியது இதுதான்.

புல் வேறு விதமாகப் போனது. 1972 ஜூனில் வந்த ஆக்னஸ் புயலின் வெள்ளம் கொண்டுவந்து கொட்டிய வண்டலில் ஃபிளாட்ஸின் நீரடிப் புல் மூச்சு முட்டி அழிந்தது. அது ஓரளவு திரும்பி வர முப்பது ஆண்டு பிடித்தது. அதே 1972இல்தான் இந்தியாவில் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. நமக்கு வேட்டை என்றாலே குற்றம் என்று ஆனது அதன் பிறகுதான். ஆனால் ஏரிக்கரைச் சாலையோரம் காலைக் கட்டித் தொங்கவிட்டு விற்கும் மடையானைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், முழுத்தடை என்பது காகிதத்தில் எழுதச் சுலபமானது என்று. அமெரிக்காவில் தடை பாதி, கண்காணிப்பு முழுசு. எது மேல் என்று என்னைக் கேட்டால், எண்ணுகிறவன் இருக்கிற ஊர் என்பேன்.

எண்ணுவதும் லேசான வேலையில்லை. ஒரு நாளைக்கு ஒருவருக்கு ஆறு வாத்து. அந்த ஆறுக்குள் இனத்துக்கு இனம் தனிக்கணக்கு. கேன்வாஸ்பேக் சில ஆண்டுகளில் இரண்டு, சில ஆண்டுகளில் ஒன்று. ஒன்றுமே கூடாது என்று மூடிய ஆண்டுகளும் உண்டு. நான் போன ஆண்டு ஒன்றுதான். அன்று நண்பர் முதலிலேயே அந்த ஒரு கேன்வாஸ்பேக்கை வீழ்த்திவிட்டார். கொஞ்ச நேரத்தில் இன்னொரு ஜோடி, பொம்மைகளைப் பார்த்து இறக்கையை வளைத்துக்கொண்டு, கால் தண்ணீரில் படுகிற தாழ்வுக்கு வந்தது. துப்பாக்கியைத் தூக்கியவர், சரிந்த நெற்றியையும் வெள்ளை முதுகையும் கண்டதும் இறக்கிவிட்டார். நல்ல வெளிச்சம்கூட இல்லை. சுட்டிருந்தால் பார்க்க யாரும் இல்லை என்றுதான் நினைத்தேன்.

பொழுது ஏறியபோது காவல் படகு வந்தது. அதிகாரி முதலில் துப்பாக்கியை வாங்கித் தோட்டா போகும் குழாயைச் சோதித்தார். பிறகு தோட்டாக்களைப் பார்த்தார். 1991 முதல் நாடு முழுக்க வாத்துக்கு ஈயக் குண்டு கூடாது. தண்ணீருக்கடியில் கிடக்கும் ஈயத்தை, இரைப்பையில் அரைக்க உதவும் கல்லென்று நினைத்து வாத்து விழுங்கும், விஷமேறிச் சாகும். அந்த வாத்தைத் தின்கிற கழுகும் சாகும். இப்போது எஃகு. எஃகு லேசு, தொலைவு போகாது, அதனால் பறவை நன்றாகக் கிட்டே வரும்வரை காத்திருக்க வேண்டும் என்று வேட்டைக்காரர்கள் இன்றைக்கும் புலம்புகிறார்கள். கடைசியாக, வேட்டைக்காரர் வாங்கி வைத்திருக்க வேண்டிய வாத்து முத்திரை. 1934இல் ஜே 'டிங்' டார்லிங் என்ற பத்திரிகைக் கார்ட்டூனிஸ்ட் வரைந்து ஒரு டாலருக்குத் தொடங்கியது. இப்போது 25 டாலர். அதில் 98 சதவீதம் சதுப்புநிலம் வாங்கவும் காக்கவும் போகிறது. நண்பர் பர்ஸிலிருந்து எடுத்துக் காட்டினார். அழகான ஓவியத்தின் குறுக்கே அவருடைய கோழிக்கிறுக்கல் கையெழுத்து. அதுவும் சட்டம்தான், மையால் கையெழுத்துப் போடாத முத்திரை செல்லாது.

எனக்குச் சுடும் ஆசை அன்று வரவில்லை, இன்றும் இல்லை. நாய் கவ்விவந்து போட்ட வாத்தின் கழுத்துச் சூடு உள்ளங்கையில் பட்டபோது வந்த சங்கடத்தை எந்த முத்திரையும் போக்கவில்லை. ஆனாலும் அந்தச் சேற்றுநிலத்துக்கு அவர் கொடுத்த பணத்தில் கால்வாசிகூட நான் கொடுத்ததில்லை.

கிளம்பும்போது இரண்டு 'புளூபில்' வாத்து தந்தார். சும்மா தந்துவிட முடியாது: அவர் பெயர், முகவரி, எந்த இனம், எத்தனை, சுட்ட தேதி எல்லாம் எழுதிக் கையெழுத்திட்ட சீட்டைக் கட்டித்தான் தரவேண்டும். வீடு போய்ச் சேரும்வரை இறகோடு கூடிய தலையோ ஒரு சிறகோ உடம்பில் இருந்தாக வேண்டும், இனத்தை அடையாளம் காண. புளூபில் கிளிஞ்சல் தின்று வளர்வது. மீன் வாடை அடிக்கும். தோலை உரித்து, மஞ்சளும் உப்பும் பிசறி, மிளகைத் தூக்கலாகப் போட்டு வறுத்தோம். வாடை போகவில்லை. கேன்வாஸ்பேக்கை அவர் தரவில்லை. கேட்க எனக்கும் கூச்சமாக இருந்தது.