பரல்

வாமனபுரம் ஆற்றோடு கலக்கும் கல்லாறு, பொன்முடிக்கு ஏறும் சாலையோரம் உருண்டைக் கற்களின்மேல் ஓடுகிறது. தமிழகத்திலிருந்து இரு குழந்தைகளோடு வந்த தந்தை ஒருவர் அங்கேதான் முதன்முதலாகத் தூண்டில் பிடித்தார். முடிச்சிடக்கூட முந்தைய இரவு காணொளியில் கற்றிருந்தார்.

அலையற்ற நீரைக் கண்ட மகன் அப்பக்கம் ஓடினான். "கயமாணு, போகல்லே!" என்று கரையிலிருந்த முதியவர் கூவினார். தந்தைக்குக் கயம் என்பது தேர்வில் பொருள் எழுதிய பழஞ்சொல். அந்த ஆற்றின் வட்டக்கயமோ பல உயிர்களைப் பலிகொண்ட ஆழம். மகனின் கையைப் பற்றி இழுத்த பிறகே சொல்லின் பொருள் அவருக்கு முழுதாக விளங்கியது.

முழங்காலளவு நீருக்கு மாறினார்கள். ஒரு மணி நேரம் கழித்து முதியவர், "பரல் கிட்டியோ?" என்றார். சிலம்பின் கதை கேட்டிருந்த மகள் பெருமையோடு உள்ளங்கையை விரித்தாள்: ஐந்து கூழாங்கற்கள். அவர் கேட்டதோ மலையாளத்தில் அப்பெயர் கொண்ட சிறுமீனை.

"எனக்கும் தெரியாது, சொல்லிக்கொடுங்கள்" என்று குழந்தைகள் எதிரிலேயே தந்தை கேட்டார். முதியவர் ஈயக்குண்டைக் கழற்றிவிட்டு, கோதுமை மாவை மிளகளவு உருட்டிக் கொக்கியில் செருகினார்.

மாலையில் விரல்நீளப் பரல் ஒன்று துள்ளியது. கொக்கியை எடுக்கையில் தந்தையின் கை நடுங்கியது. மகன்தான் மீனைப் பிடித்துக்கொண்டான். மீனை ஆற்றில் விட்டார்கள். கற்களை மகள் விடவில்லை.