ஹாலேயில் கேட்ட கேள்விகள்

அக்டோபர் 3, 2024, வியாழன்

ஜெர்மனி ஒன்றான நாள். நாடு முழுக்க விடுமுறை, கடைகள் அடைப்பு. ரயில் நிலையத்துக்குள் இருக்கும் கடைகளுக்கு மட்டும் விலக்கு என்று எதிர்வீட்டு அம்மா கையை ஆட்டி ஆட்டி விளக்கினார். டிராம் ஏறிப் போய் ரொட்டியும் பாலும் வாங்கி வந்தேன்.

எனக்கு அறை கிடைத்திருப்பது ஹாலே நகரத்தின் மேற்கே, சாலே ஆற்றுக்கு அப்பால், நொய்ஷ்டாட்டில். கிழக்கு ஜெர்மனி என்று ஒரு நாடு இருந்தபோது, லொய்னா, பூனா ரசாயன ஆலைத் தொழிலாளர்களுக்காக 1964இல் அடிக்கல் நாட்டிக் கட்டிய நகரம். ஆலையில் வார்த்த கான்கிரீட் பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்திய நெடுநெடு மாடிகள். அந்தக் காலத்தில் இங்கே தெருக்களுக்குப் பெயர் கிடையாது, கட்டட எண்தான் முகவரி.

எதிர்வீட்டு அம்மாவுக்கு எழுபதுக்கு மேல் இருக்கும். பள்ளியில் ருஷ்ய மொழி படித்தவர், ஆங்கிலம் வராது. என் ஜெர்மனோ மயிலாடுதுறையில் உட்கார்ந்து செல்போனில் கற்றது. நல்லவேளை, இருவருக்கும் கை இருக்கிறது.

அக்டோபர் 17, வியாழன்

வகுப்பு பத்து மணி என்று போட்டிருந்தால் பத்தேகாலுக்குத்தான் தொடங்கும். நேரம் தவறாமைக்குப் பேர்போன நாட்டில், பல்கலைக்கழகத்துக்கு மட்டும் இப்படி ஒரு கால் மணிச் சலுகை. முடிந்ததும் யாரும் கைதட்டுவதில்லை, விரல் முட்டியால் மேசையைத் தட்டுகிறார்கள். மதிப்பெண்ணில் 1 தான் உச்சம், 5 என்றால் தோல்வி. ஒன்று வாங்கினேன் என்று அப்பாவிடம் சொல்லும் நாளை இப்போதே நினைத்துச் சிரிப்பு வருகிறது.

மாணவர் உணவகத்தில்தான் பாடு. தட்டோடு உட்கார்ந்ததும் ஆரம்பிக்கும். உனக்கு அப்பா அம்மாதான் மாப்பிள்ளை பார்ப்பார்களா? சாதி இன்னும் இருக்கிறதா? பசு தெருவில் நடக்குமாமே? கேட்கிறவர்கள் நல்ல பிள்ளைகள், கவனமாகவும் கேட்கிறார்கள். ஆனால் நான் எங்கள் வீட்டுக் கதையைச் சொன்னால், அது ‘இந்தியாவில் இப்படி’ என்று அவர்கள் மனத்தில் போய் உட்கார்ந்துவிடுகிறது. நூற்று நாற்பது கோடிப் பேருக்கும் சேர்த்து நான் ஒருத்தி பதில் சொல்லி முடிப்பதற்குள் உருளைக்கிழங்கு ஆறிவிடுகிறது.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. இங்கேயும் இன்று விடுமுறைதான், ஆனால் நமக்காக அல்ல. 1517இல் இதே தேதியில் விட்டன்பர்கில் கிறிஸ்தவச் சீர்திருத்தவாதி லூதர் தம் 95 வாதங்களை வெளியிட்டதற்கான திருநாள். விட்டன்பர்க் இதே மாநிலத்தில்தான் இருக்கிறது. லூதர் இறந்தபோது எடுத்த முக அச்சு இந்த ஊர்ச் சந்தைத் திடல் தேவாலயத்தில் இருக்கிறது.

பட்டாசுக்கு வழியில்லை. ஆண்டின் கடைசி மூன்று நாட்களில் மட்டும்தான் கடையில் விற்கலாமாம். ரவா லாடு பிடித்தேன். ரவை எளிதாகக் கிடைத்துவிட்டது, இவர்களும் அதைப் பாலில் கஞ்சியாகக் காய்ச்சுகிறார்கள். ஏலக்காய்த் தூளைத்தான் தேடினேன். அது கிறிஸ்துமஸ் பலகாரச் சாமான்களோடு இருந்தது. எதிர்வீட்டம்மா ஒரு லாடைக் கடித்து, கண்ணை மூடி, “கிறிஸ்துமஸுக்கு இன்னும் நாள் இருக்கிறதே!” என்றார்.

நவம்பர் 15, வெள்ளி

மாணவர் பரிமாற்றத்துக்கு இந்த ஊரை நான் கேட்டு வாங்கியதே பிராங்கே நிறுவனத்துக்காக. அவுகுஸ்ட் ஹெர்மன் பிராங்கே 1698இல் தொடங்கிய அநாதை இல்லமும் பள்ளிகளும் ஒரு சிறிய நகரம்போல விரிந்து கிடக்கின்றன. நொய்ஷ்டாட்டிலிருந்து வரும் மேம்பாலச் சாலை அதன் நெற்றியை உரசிக்கொண்டு போகிறது. கிழக்கு ஜெர்மனி போட்ட சாலை. பழங்கட்டடங்கள் அந்த ஆட்சியில் பாழடைந்து கிடந்து, 1990க்குப் பிறகுதான் மீண்டன.

அநாதை இல்லத்தின் பரண்மாடியில் அதிசயப் பொருட்களின் கூடம். உத்தரத்தில் ஒரு பாடம்செய்த முதலை தொங்குகிறது. ஓவியம் தீட்டிய அலமாரிகளில் சங்கு, பாம்பு, செருப்பு, அவற்றோடு நம் ஓலைச்சுவடிகள். ஓலைகள் வந்த தரங்கம்பாடி எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் போகிற தூரம். பள்ளிச் சுற்றுலாவில் அங்குள்ள டேன்ஸ்போர்க் கோட்டைச் சுவரில் ஏறி நின்று கடல் பார்த்திருக்கிறேன். அந்தக் கரையில் 1706 ஜூலையில் இறங்கிய பாதிரியார் சீகன்பால்கு இந்த ஊரில் படித்தவர். தமிழ் எழுத்துகளை ஈயத்தில் வார்த்து அங்கே அனுப்பியதும் இந்த ஊர்தான். முதலைக்குக் கீழே நின்றபோது, பெருமையா கூச்சமா என்று எனக்கே பிடிபடவில்லை. யார் வீட்டுப் பரணிலோ நம் பாட்டியின் பெட்டியைப் பார்த்த மாதிரி இருந்தது.

நூலகத்தில் வேறொன்று காத்திருந்தது. 1712 முதல் 1714 வரை, சீகன்பால்குவும் அவர் தோழர் கிரூண்ட்லரும் தமிழர்களுக்குக் கேள்விகள் அனுப்பிப் பதில் எழுதி வாங்கினார்கள். தெய்வம், மறுபிறவி, கல்யாணம், மருத்துவம், எல்லாம். அந்தக் கடிதங்களை ஜெர்மனில் பெயர்த்து ஹாலேயில் அச்சிட்டார்கள். அகராதியோடு சில பக்கங்கள் படித்தேன். பணிவாகப் பதில் சொல்கிறவர்கள் உண்டு. ‘கிறிஸ்தவர்களின் குடியும் நடத்தையும் மட்டும் யோக்கியமா’ என்கிற தொனியில் திருப்பிக் கொடுக்கிறவர்களும் உண்டு. உணவக மேசையில் நான் படும் பாட்டை முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே பட்டிருக்கிறார்கள். இரண்டாம் வகையினரை எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று.

1714இல் சீகன்பால்கு ஐரோப்பாவுக்குக் கப்பலேறியபோது மலையப்பன் என்ற தமிழ் இளைஞன் கூட வந்தான். அந்தப் பயணத்தின் தொடர்ச்சியாக 1716இல் இங்கே லத்தீனில் ஒரு தமிழ் இலக்கணம் அச்சானது. மலையப்பனிடம் என்னென்ன கேட்டிருப்பார்கள் என்று ஊகிக்க முடிகிறது. அவன் என்ன கேட்டான்? எனக்கு அதுதான் வேண்டும்.

டிசம்பர் 1, ஞாயிறு

கிறிஸ்துமஸுக்கு முந்திய நான்கு ஞாயிறுகளில் முதலாவது. எதிர்வீட்டம்மா ஊசியிலை வளையத்தில் ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றிவிட்டுக் காபி போட்டார். இன்று நான் கேட்பது என்று தீர்மானித்துப் போயிருந்தேன்.

“பெர்லின் சுவர் திறந்த இரவு என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?”

“தூங்கிக்கொண்டிருந்தேன். மறுநாள் காலை ஷிப்ட்.” பிறகு சிரித்தார். மேற்கிலிருந்து மாணவர்கள் ஒலிப்பதிவுக் கருவியோடு வந்து இதைத்தான் முதலில் கேட்பார்களாம். தூங்கினேன் என்றால் அவர்கள் முகம் விழுந்துவிடுமாம். அடுத்த கேள்வி எப்போதும் உளவுப் போலீஸ் பற்றி. “நாங்கள் குளித்தோம், சமைத்தோம், பிள்ளைகளை அடித்தோம். அதை எவனும் கேட்பதில்லை.”

நானும் அந்த மாணவர்கள் மாதிரியேதான் ஆரம்பித்திருக்கிறேன். சரி, பிள்ளைகளை எதற்கு அடித்தீர்கள் என்று கேட்டேன். ஒரு மணி நேரம் பேசினார். பாதிதான் புரிந்தது. பூனா ஆய்வகத்தில் வேலை. நாடுகள் ஒன்றானபின் வேலை போனது. காப்பீடு, வரி, வாடகை என்று எல்லாவற்றுக்கும் புதுப் படிவம். நாற்பது வயதில் படிவம் நிரப்பக் கற்றாராம். இதே வீடு, இதே சமையலறை, வாசலில் மட்டும் வேறு நாடு. என் மருத்துவக் காப்பீட்டுக் கடிதத்தைக் கண்ணாடி மாட்டி வரிவரியாகப் படித்து, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் குறி வைத்துக் கொடுத்தார்.

டிசம்பர் 21, சனி

நேற்று மாலை மக்டபுர்க் கிறிஸ்துமஸ் சந்தைக் கூட்டத்துக்குள் ஒருவர் காரை ஓட்டிவிட்டார். இறந்தவர்களில் ஒரு சிறுவனும் உண்டு. ஓட்டியவர் வெளிநாட்டிலிருந்து வந்து பல ஆண்டுகளாக இங்கே இருக்கும் மருத்துவர். மக்டபுர்க் இந்த மாநிலத்தின் தலைநகர், இங்கிருந்து ரயிலில் போய்விட்டு மாலைக்குள் திரும்பலாம். அம்மா போனில், “வெளியே தலைகாட்டாதடி” என்றாள்.

காலையில் எதிர்வீட்டம்மா மணியடித்தார். எதுவும் கேட்கவில்லை. “கடைக்குப் போவதாக இருந்தால் சொல், நானும் வருகிறேன்.” டிராமில் என் பக்கத்து இருக்கையில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். அவருக்கு வாங்க ஒன்றும் இல்லை. ஒரு வெண்ணெய் வாங்கினார்.

டிசம்பர் 31, செவ்வாய்

உருளைக்கிழங்கு சாலட், சாசேஜ், தொலைக்காட்சியில் ‘டின்னர் ஃபார் ஒன்’. 1963இல் பதிவான ஆங்கில நாடகத் துணுக்கு. ஆண்டுதோறும் இந்த இரவில் ஜெர்மனியே அதைப் பார்க்கிறது. ஆங்கிலம் தெரியாத எதிர்வீட்டம்மா ஒவ்வொரு வசனத்துக்கும் முன்கூட்டியே சிரித்தார்.

பன்னிரண்டு அடித்ததும் நொய்ஷ்டாட் முழுக்க வெடி. பால்கனிகளிலிருந்து ராக்கெட், நடுத்தெருவில் சரவெடி. நெடுநேரம் ஓயவில்லை. அம்மாவுக்கு வீடியோவில் காட்டினேன். “நமக்குத் தீபாவளிக்கே காலையில ஒரு மணி நேரம், சாயந்திரம் ஒரு மணி நேரம்னு சட்டம். அங்க கேட்க ஆளில்லையா?” என்றாள்.

ஜனவரி 14, 2025, செவ்வாய்

பொங்கல். வெளியே பூஜ்ஜியத்துக்குக் கீழே. பாலரிசி என்று இங்கே விற்கும் குண்டு அரிசி, ஆசியக் கடையில் வாங்கிய வெல்லம், மழமழவென்று கண்ணாடி போட்ட மின்னடுப்பு. எதிர்வீட்டம்மா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். சூரியனுக்கா, மாட்டுக்கா, எந்தச் சாமிக்கு என்றெல்லாம் கேட்பார் என்று ஜெர்மனில் பதில் தயாராக வைத்திருந்தேன். பால் நுரைத்து மேலே வந்தபோது பதறி எழுந்து அடுப்பை அணைக்கக் கை நீட்டினார். தடுத்தேன். பொங்கி வழிந்து கண்ணாடியில் சுறுசுறுவென்று கருகியது. பொங்கலோ பொங்கல் என்று நான் ஒருத்தியாகக் கத்தினேன்.

“வேண்டுமென்றேதான் விட்டாயா?”

“ஆமாம்.”

“வருஷா வருஷமா?”

“ஆமாம்.”

“உங்கள் வீட்டில் இதை யார் துடைப்பார்கள்?”

அம்மாதான் என்றேன். அவர் தன் வீட்டுக்குப் போய், கண்ணாடி அடுப்பைச் சுரண்டும் கத்தியை எடுத்து வந்து, சூடு ஆறுவதற்குள் சுரண்டினால்தான் வரும் என்று என் கையில் கொடுத்தார்.