சௌரங்கித் தெருவில் ஒரு மாலை

சென்ற மார்கழியில் கல்கத்தா சென்றிருந்தோம். காளி கோயிலையும் பேலூர் மடத்தையும் தரிசித்து வந்தவர்கள் நம் வாசகர்களில் பலர் இருப்பார்கள். ஆதலின் அவற்றை வர்ணிக்கப் போவதில்லை. நாம் தேடிச் சென்றது சௌரங்கிச் சாலையில் உள்ள கிராண்ட் ஹோட்டலையும், அதன் பின்புறத்து ரோக்சி கொட்டகையையும். இரண்டுக்கும் இடையே சில நிமிஷ நடைதான். யுத்த காலத்தில் அந்நகரம் எதைக் கேட்டு வாழ்ந்தது என்றறிய அந்தச் சிறு தூரமே போதும்.

1942 டிசம்பர் 20 இரவு ஜப்பானிய விமானங்கள் முதன்முதலாகக் கல்கத்தாவின்மீது குண்டு வீசின. தெரு விளக்குகளுக்கு மூடி போட்டார்கள். மைதானத்தை ஊடறுத்துச் செல்லும் ரெட் ரோடு, போர் விமானங்கள் இறங்கும் தளமாயிற்று. ஊரெங்கும் ஆங்கில, அமெரிக்கச் சிப்பாய்கள். அவர்கள் மாலையில் வந்து கூடிய கிராண்ட் ஹோட்டலில் டெடி வெதர்ஃபோர்டு என்ற அமெரிக்கக் கறுப்பினப் பியானோ வித்துவான் ஜாஸ் கோஷ்டியொன்றை நடத்தி வந்தார். 1945 ஏப்ரலில் அவர் இதே நகரில் காலராவுக்குப் பலியானார். நடனக் கூடத்துக்கும் கொள்ளை நோய்க்கும் அங்கே ஒரு சுவர்தான் இடைவெளி போலும்!

ரோக்சியில் ஓடியது பம்பாய் டாக்கீஸாரின் 'கிஸ்மத்'. 1943-ல் வெளிவந்த இப்படம் அக்கொட்டகையில் மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஓடிற்று. அதில் கவி பிரதீப் இயற்றி, அனில் பிஸ்வாஸ் இசையமைத்த பாட்டொன்று, அந்நியரை விலகி நிற்கச் சொல்வது. ஜெர்மானியர், ஜப்பானியர் பெயர்களைச் சேர்த்திருந்தமையால் தணிக்கை அதிகாரிகள் அதை யுத்தப் பிரசாரமென்று எண்ணி விட்டுவிட்டார்கள். யாரை விலகச் சொல்கிறது என்பது ஜனங்களுக்கு விளங்காமலா போகும்? திரும்பவும் போடச் சொல்லிக் கொட்டகையில் ஆரவாரம் செய்தார்கள் என்பர்.

ஆனால் அந்த 1943-ல் கல்கத்தா வீதிகளில் ஓயாது ஒலித்தது வேறு குரல். பஞ்சத்தில் கிராமங்களைத் துறந்து வந்தோர் வாசல்தோறும் நின்று 'ஃபேன்' கேட்டார்கள். சோறன்று, சோறு வடித்த கஞ்சிதான். மாண்டவர் 15 லட்சம் என்றது பின்னர் அமைந்த விசாரணைக் கமிஷன். ஆராய்ச்சியாளர் பலர் 30 லட்சம் வரை கணக்கிடுகிறார்கள்.

லேக் மார்க்கெட் பக்கம் நம்மவர் குடியிருப்பில், தொண்ணூறை எட்டிய பாட்டி ஒருவரைக் கண்டோம். அப்போது அவருக்கு எட்டு வயது. தகப்பனாருக்கு ஆபீஸில் கட்டுப்பாட்டு விலையில் அரிசி கிடைத்தது. வீட்டில் கிராமபோன் ஒன்று. தியாகராஜ பாகவதரின் தட்டுகள் ஐந்தாறு. புதிய தட்டுகள் வாங்குவது அரிதாம். தட்டுச் செய்ய வேண்டிய அரக்கு போர்க் காரியங்களுக்குப் போய்விட்ட காலம் அல்லவா? கேட்டதையே கேட்டுத் தேய்த்தார்கள்.

"அம்மா காலையில் கஞ்சியை வடித்து, கொஞ்சம் உப்புப் போட்டு வாசலில் ஊற்றுவாள். பத்துப் பேருக்குப் போதாது. அப்புறமும் ஜனங்கள் வருவார்கள், கூப்பிடுவார்கள். கொடுக்க ஒன்றுமில்லை. அப்பா கதவைச் சாத்திவிட்டுக் கிராமபோனுக்குச் சாவி கொடுப்பார். பாட்டுக் கேட்க ஆசைப்பட்டு வைக்கிறார் என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்" என்றார் பாட்டி.

சிறிது நேரம் ஒருவரும் பேசவில்லை. பிறகு அவர் பேரன், கூடத்து மூலையில் துணி போர்த்தியிருந்த பெட்டியைத் திறந்து காட்டினார். சாவி கொடுத்தால் இன்றும் ஓடுமாம். தட்டொன்றை எடுத்துத் துடைக்கத் தொடங்கினார்.

"வேண்டாமடா, வந்தவர்களுக்குக் காபி கொண்டுவா" என்றார் பாட்டி.