ரிமோட்டை அணைக்கச் சொல்பவர்

“இப்ப ரிமோட்டை ஆஃப் பண்ணுங்க தம்பி.”

பயிற்றுநர் ஒரு நொடி தயங்கினார். நிலத்தின் மறுகோடியில், தொட்டி நிறையத் தண்ணீரோடு, ஆடிக் காற்றுக்கு எதிராக லேசாகச் சாய்ந்து நின்றிருந்தது ஆறு சுழலி விவசாய டிரோன். ஆகாயத்தில் நிற்கும் ஒன்றின் பிடியை வேண்டுமென்றே விடுவதென்றால் பழகிய கைக்கும் கூசத்தான் செய்யும். அணைத்தார். டிரோன் கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு தானாகவே மேலே எழும்பி, திரும்பி, புறப்பட்ட இடத்தை நோக்கி வரத் தொடங்கியது. பயிற்சிக்கு வந்திருந்தவர்கள் கைதட்டினார்கள்.

ஆய்வாளரின் கண் டிரோன்மேல் இல்லை. அது இறங்கப்போகிற வெள்ளை வட்டத்தின்மேல் இருந்தது. காலையில் காலியாக இருந்த அந்த வட்டத்துக்குள் யாரோ தண்ணீர் கேனை வைத்துவிட்டு, நிழலுக்காகப் பக்கத்திலேயே குடையை விரித்து உட்கார்ந்திருந்தார்கள். “ரிமோட்டை ஆன் பண்ணிக் கையில எடுத்துக்குங்க. அந்தப் பக்கமா இறக்குங்க” என்றார். குரல் கொஞ்சமும் உயரவில்லை. டிரோன் பத்திரமாக இறங்கிய பிறகுதான் குறிப்பேட்டைத் திறந்தார்.

ஒரகடம் தாண்டி உள்ளே போகும் சாலையில், தரிசு நிலத்தையொட்டி இருக்கிறது அந்த டிரோன் பைலட் பயிற்சி மையம். டிஜிசிஏ என்று எல்லோரும் சொல்லும் சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்திலிருந்து இரண்டு பேர் ஆய்வுக்கு வந்திருந்தார்கள். ரிமோட்டை அணைக்கச் சொன்ன ஆய்வாளர் குரோம்பேட்டை எம்ஐடியில் படித்து, பல ஆண்டுகள் பயணிகள் விமானங்களின் பறக்கும் தகுதியைச் சோதித்தவர். மற்றவர் அவருக்கு இளையவர், மின்னணுவியல் படித்தவர். பெயர் வேண்டாம் என்ற நிபந்தனையோடு அன்று முழுக்க என்னைக் கூடவே இருக்க விட்டார்கள்.

2021 ஆகஸ்ட் 25 அன்று வெளியான டிரோன் விதிகள் இந்தத் துறையின் கதவைத் திறந்துவிட்டன. அதற்கு முன் 25 படிவங்கள் நிரப்ப வேண்டியிருந்தது, அது 5 ஆனது. வரைபடத்தில் பச்சை மண்டலமாகக் குறித்த இடங்களில் 400 அடி வரை பறக்க முன் அனுமதி தேவையில்லை. 250 கிராம் வரை நானோ, 2 கிலோ வரை மைக்ரோ, 25 கிலோ வரை சிறியது, 150 கிலோ வரை நடுத்தரம், அதற்கு மேல் பெரியது என்று எடையை வைத்தே வகை பிரித்தார்கள். மருந்து தெளிக்கும் 10 லிட்டர் டிரோன் சிறிய வகையில் வரும். இந்தத் தளர்வு சரியானது என்றுதான் நானும் நினைக்கிறேன். வயலுக்கு மருந்தடிக்க டெல்லி வரை அனுமதி கேட்டு நிற்பது நடக்கிற காரியமல்ல. ஆனால் வாசலில் காவலைக் குறைத்தால் உள்ளே பார்க்கிற கண்கள் கூட வேண்டும். அந்தக் கண்கள் நாட்டில் மிகக் குறைவு என்பதே என் கவலை.

அன்றைய வேலை தராசில் தொடங்கியது. பேட்டரியைப் பொருத்தி, தொட்டியை விளிம்பு வரை நிரப்பி, மையத்தின் இன்னொரு டிரோனைத் தூக்கி வைத்தார்கள். 25 கிலோவுக்குள் இருந்தது. அடுத்து, ஆய்வாளர் மண்டியிட்டு ஒவ்வொரு கையையும் பிடித்து அசைத்தார். மோட்டார் உட்காரும் நீட்டுக் குழாயைத்தான் கை என்கிறார்கள். அது மடங்கும் இடத்தில் கிளாம்ப், கிளாம்பில் போல்ட்டுகள். ஒவ்வொரு போல்ட்டின் தலையிலிருந்து பக்கத்துச் சட்டம் வரை மெல்லிய சிவப்புக் கோடு இழுத்திருந்தது. போல்ட் துளி சுழன்றாலும் கோடு முறிந்து காட்டிக்கொடுத்துவிடும். பயணிகள் விமானத்தின் என்ஜினிலும் இதே வழக்கம் உண்டு. அவர் டார்ச்சை நேராக அடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்தே பிடித்தார். நேர் வெளிச்சத்தில் மழுங்கிப்போகும் கீறல், சாய்ந்த வெளிச்சத்தில் நிழல் விழுந்து தெரியும்.

மூன்றாவது கையில் சிவப்புக் கோடு இல்லை. கிளாம்பின் நிறமும் சற்று வேறாக இருந்தது.

“இது எப்ப மாத்தினது?”

“போன மாசம் மேடம். ஒரு பையன் லேண்டிங்ல சாய்ச்சுட்டான். ஒரிஜினல் வர மூணு வாரம் ஆகும்னாங்க. பேட்ச் நின்னுடும். லேத்ல கொடுத்து அதே அளவுல போட்டோம்.”

பயிற்றுநர் எதையும் மறைக்கவில்லை. திருவாரூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பிள்ளை, உதிரிபாகம் கிடைக்காத அவதியை நன்றாக அறிந்தவர். நாடு முழுக்க எத்தனையோ டிரோன்கள் இப்படித்தான் லேத்துப் பட்டறையில் மறுபிறவி எடுக்கின்றன. ஆய்வாளரும் கடிந்துகொள்ளவில்லை. கிளாம்பைக் கழற்றச் சொல்லி, துணியால் துடைத்து, விரல் நகத்தை விளிம்பில் மெல்ல ஓட்டினார். ஓரிடத்தில் நகம் தட்டியது. என்னையும் தொட்டுப் பார்க்கச் சொன்னார். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை, நகத்துக்குத் தெரிந்தது. “ஒரிஜினல் வர்ற வரைக்கும் இதைப் பறக்கவிடாதீங்க தம்பி” என்று சொல்லி, அதை எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

பிறகு நிழலில் உட்கார்ந்தபோது, கைகளைத் துடைத்துக்கொண்டே அவர் சொன்னதைத்தான் இந்தக் கட்டுரையின் மையமாக நான் கருதுகிறேன். ஒரு பயணிகள் விமானத்தில் சின்னத் திருகு மாற்றினாலும் உரிமம் பெற்ற பராமரிப்புப் பொறியாளர் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் கையெழுத்து இல்லாமல் விமானம் கிளம்பாது. ஒவ்வொரு விமானத்துக்கும் தனித்தனியே பறக்கும் தகுதிச் சான்றிதழ் உண்டு. டிரோனுக்குக் கொடுப்பது மாதிரிச் சான்றிதழ். ஒரு மாதிரியைச் சோதித்து, அது சரியென்றால் அதே வடிவில் எத்தனையும் தயாரித்து விற்கலாம். சோதிக்கும் அமைப்பு 60 நாளுக்குள் அறிக்கை தர வேண்டும், அதன்பேரில் 15 நாளுக்குள் டிஜிசிஏ சான்று தர வேண்டும். ஒவ்வொரு டிரோனுக்கும் தனி அடையாள எண்ணும் உண்டு. ஆனால் அந்த எண் அது யாருடையது என்று சொல்லும், இன்றைக்கு எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்லாது. சோதனைக் களத்தில் பாஸான டிரோன் வேறு. மூன்று முறை விழுந்து, இரண்டு முறை பட்டறைக்குப் போய் வந்து, மருந்து நெடியில் ஊறி, ஒரு கிராமத்தின் மேல் பறக்கும் டிரோன் வேறு.

எடை குறைவுதானே, என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்கள் உண்டு. 15 கிலோ எடையுள்ள பொருள் 20 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால் தரையைத் தொடும்போது ஏறத்தாழ மணிக்கு 70 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும். கீழே நடவு நட்டுக்கொண்டிருக்கும் பெண்களுக்கு ஹெல்மெட் கிடையாது.

கீறலைப் பற்றிப் பேசும்போது அவர் காமெட் விமானத்தைக் குறிப்பிட்டார். உலகின் முதல் ஜெட் பயணிகள் விமானம் அது. 1954 ஜனவரியிலும் ஏப்ரலிலும் இத்தாலிக் கடற்பகுதியில் இரண்டு காமெட்டுகள் நடுவானில் உடைந்தன. காரணம் தெரியாமல் திகைத்த பிரிட்டிஷ் பொறியாளர்கள், பார்ன்பரோவில் ஒரு விமானத்தின் உடலை அப்படியே தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கி, அழுத்தத்தை மறுபடி மறுபடி ஏற்றி இறக்கினார்கள். திறப்பின் மூலையில் தொடங்கிய உலோக அயர்ச்சிக் கீறல் ஒரு நாள் உடலைப் பிளந்தது. அந்தப் பாடம்தான் இன்றைய விமான ஜன்னல்களின் வளைந்த மூலை. “எங்களுக்கு அப்படி நூறு வருஷப் பாடம் கையில இருக்கு சார். டிரோனுக்கு இப்பத்தான் முதல் பக்கத்தை எழுதிட்டிருக்கோம். எழுதுறதுக்கு விபத்தோட விவரம் வரணும்ல” என்றார். விபத்து நடந்தால் 48 மணி நேரத்துக்குள் இணையதளத்தில் தெரிவிக்க வேண்டும் என்கிறது விதி. வயலில் விழுந்த டிரோனைச் சாக்கில் கட்டி எடுத்துப் போகிறவர், அதைத் தெரிவிப்பதால் தனக்கு என்ன வரும் என்றுதான் முதலில் யோசிப்பார்.

இளைய அதிகாரி பேட்டரி அறையில் இருந்தார். லித்தியம் பாலிமர் பேட்டரிகளின் ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாக அளந்தார். முழு சார்ஜில் ஒரு செல் 4.2 வோல்ட் காட்ட வேண்டும். ஒன்று மட்டும் பின்தங்கினால், மொத்தக் கணக்கு நன்றாகத் தெரிந்தாலும் பறக்கும்போது அந்த ஒன்றுதான் முதலில் கைவிடும். உப்பியிருந்த ஒரு பேட்டரியை எடுத்துத் தனியே மணல் வாளியில் வைத்தார். சார்ஜர் இருந்த மேசைக்குப் பக்கத்திலேயே மரக்கதவு. “இந்த ரூமுக்கு வெளிய போக வேற வழி இருக்கா அண்ணே?” என்று மையத்தின் ஊழியரிடம் கேட்டார். இல்லை. சார்ஜரை எதிர்ச் சுவருக்கு மாற்றவைத்த பிறகே வெளியே வந்தார்.

மதியத்துக்கு மேல் பயிற்சிக்கு வந்தவர்களிடம் கேள்வி கேட்டார்கள். உத்திரமேரூர்ப் பக்கமிருந்து வந்த மகளிர் குழுப் பெண் ஒருவர் முதல் வரிசையில் இருந்தார். டிரோன் தீதி திட்டத்தில் 15,000 குழுக்களுக்கு டிரோன் தருவதாக மத்திய அரசு அறிவித்தது. விலையில் 80 சதவீதம், அதிகபட்சம் 8 லட்சம் ரூபாய் வரை மானியம். 15 நாள் பயிற்சியில் 5 நாள் ஓட்டுவதற்கு, மீதி நாட்கள் உரமும் மருந்தும் தெளிப்பதற்கு. அவரும் அப்படியொரு டிரோனுக்காகக் காத்திருப்பவர்.

“சிக்னல் போச்சுன்னா டிரோன் எவ்வளவு உயரத்துல திரும்பி வரும்மா?”

“பதினஞ்சு மீட்டர் மேடம். அப்படித்தான் வச்சிருக்கு.”

“உங்க ஊர்ல வயலைச் சுத்தி என்ன மரம்?”

அந்தப் பெண் யோசித்தார். “தென்னை. வாய்க்கா ஓரமா பனை.” சொல்லி முடிக்கும்போதே புரிந்துவிட்டது. தென்னை 20 மீட்டரைத் தாண்டும். பனை அதையும் தாண்டும். தானாகத் திரும்பும் டிரோன் பத்திரமாக வீடு வருவதாக நினைத்துக்கொண்டே மட்டையில் போய்ச் செருகும். தொழிற்சாலையில் வைத்த எண்ணை வயலுக்கு வயல் மாற்ற வேண்டும் என்பதை அந்த அறையில் இருந்த எல்லோரும் அன்று எழுதிக்கொண்டார்கள். பயிற்றுநரும் எழுதினார். எந்த விதிப்புத்தகமும் இந்தப் பனையைப் பற்றிச் சொல்ல முடியாது. களத்துக்குப் போகிற ஆய்வாளர்தான் சொல்ல முடியும். இந்தத் தொழிலை அலுவலக மேசையிலேயே முடித்துவிடலாம் என்று நினைக்கும் நிர்வாகிகள் ஒரு நாளாவது இவர்களோடு வெயிலில் நிற்க வேண்டும்.

இனி வரப்போவது இன்னும் கடினம். சென்னை ஐஐடியில் பிறந்த இபிளேன் போன்ற நிறுவனங்கள், செங்குத்தாக எழும்பி ஆளை ஏற்றிப் பறக்கும் மின்விமானங்களை உருவாக்கி வருகின்றன. விமானத்துக்கு ஒரு விதித்தொகுப்பு, ஹெலிகாப்டருக்கு ஒன்று என்று இருந்த உலகில், பாதி நேரம் அதுவாகவும் பாதி நேரம் இதுவாகவும் பறப்பதை எதைக் கொண்டு அளப்பது? என்ஜின் நின்றால் விமானம் சறுக்கி இறங்கும். ஹெலிகாப்டரின் பெரிய சுழலி காற்றிலேயே சுழன்று இறங்கும் வேகத்தைக் குறைக்கும். சின்னச் சின்னச் சுழலிகளில் அந்தரத்தில் நிற்கும் மின்விமானத்துக்கு இரண்டும் கைகொடுக்காது. சாதாரண விமானம் பகலில் சேருமிடத்தை அடைந்த பிறகும் அரை மணி நேர எரிபொருளை மீதி வைத்திருக்க வேண்டும். பேட்டரி விமானத்தில் ஒரு பயணமே அவ்வளவுதான் நீளும் என்றால், மீதிக்கு எங்கே போவது? இளைய அதிகாரி இதையெல்லாம் ஆர்வத்தோடு விவரித்தார். இரவுகளில் வெளிநாட்டு ஆணையங்களின் வரைவுகளைப் படிக்கிறாராம். இப்படிப்பட்டவர்களைத் தேடிப் பிடித்து, நல்ல சம்பளம் கொடுத்துத் தக்கவைத்துக்கொள்ள வேண்டும். அவர்களுக்கு விமான நிறுவனங்களின் வாசல் எப்போதும் திறந்தே இருக்கிறது.

கிளம்பும் நேரத்தில் உத்திரமேரூர்ப் பெண் ஆய்வாளரை மறித்துக் கேட்டார்: “மேடம், நான் வாங்கற டிரோன் கை உடைஞ்சு மாத்தினா, சரியா இருக்கான்னு யார்கிட்ட காட்டறது?”

அப்படிக் காட்ட ஓர் ஆள் இன்னும் நம் ஊர்களில் இல்லை. ஆய்வாளர் பையைக் கீழே வைத்தார். “மருந்து ஊத்தாதீங்க. வெறும் தொட்டியோட இடுப்பு உயரத்துல அஞ்சு நிமிஷம் நிறுத்துங்க. கிட்ட யாரையும் விடாதீங்க. இறக்கி, பேட்டரியைக் கழட்டிட்டு ஆறு மோட்டாரையும் கையால தொட்டுப் பாருங்க. ஒண்ணு மட்டும் சுட்டுச்சுன்னா அந்தக் கை சரியா உக்காராம இருக்கலாம். அப்புறம் அரைத் தொட்டித் தண்ணியில அதே மாதிரி. போல்ட்ல கோடு போட்டுக்குங்க, நெயில் பாலிஷ் போதும். தேதி போட்டு நோட்டுல எழுதுங்க.” பிறகு பயிற்றுநர் பக்கம் திரும்பினார். “தம்பி, அந்தக் கழட்டின கிளாம்பைத் தூக்கிப் போட்டுடாதீங்க. அடுத்த பேட்ச்ல ஒவ்வொருத்தர் நகத்துலயும் அந்தக் கீறல் தட்டணும்.”