புதுவையில் பிரெஞ்சுத் துறை: சட்டமும் கடமையும்

இந்தியப் பல்கலைக்கழகங்களில் பிரெஞ்சு பெரும்பாலும் அயல்மொழிகளுள் ஒன்றாகவே இடம்பெற்றது. புதுவையின் நிலை வேறு. 1954 நவம்பர் 1ஆம் நாள் பிரெஞ்சிந்தியப் பகுதிகளின் நிருவாகம் இந்தியாவின் பொறுப்பில் வந்தது. மக்கள் பிரதிநிதிகள் வேறு முடிவு செய்யும்வரை பிரெஞ்சே ஆட்சிமொழியாகத் தொடரும் என்றது 1956ஆம் ஆண்டு உடன்படிக்கை. 1985இல் நாடாளுமன்றச் சட்டத்தால் புதுவைப் பல்கலைக்கழகம் உருவானபோது, பிரெஞ்சுக் கல்விக்கு வகைசெய்தல் அதன் நோக்கங்களுள் ஒன்றாக எழுதப்பெற்றது. ‘ஒளியை நோக்கி’ என்னும் பொருளுடைய அதன் முழக்கத்தொடரும் பிரெஞ்சிலேயே அமைந்தது.

ஆயின், சட்டம் ஒரு துறைக்கு இருக்கையைத் தரலாம். உயிரைத் தர இயலாது. குடியேற்ற ஆட்சியில் பிரெஞ்சு அலுவலுக்கும் மதிப்புக்கும் வழியாக இருந்தது. அவ்வாட்சி நீங்கியபின் அதனை எதற்காகக் கற்பது என்னும் வினாவுக்குத் துறையே விடை காண வேண்டியிருந்தது. முதுகலைப் பாடத்தில் மொழிபெயர்ப்புக்கு முதன்மை தந்தது அத்தகைய விடைகளுள் ஒன்று.

அவ்விடையின் பொருத்தம் வகுப்பறையில் விளங்கும். வீட்டில் தமிழ் பேசும் மாணவர், மேசை பெண்பால், நூல் ஆண்பால் எனக் கேட்டு முதலில் திகைப்பர். ஆண்பாலும் பெண்பாலும் உயர்திணைக்கே உரியன எனப் பழகிய மனம் அது. ஆனால் ‘த்யு’, ‘வு’ என்னும் இரு முன்னிலைப் பெயர்கள் அவர்க்கு எளிதில் வசப்படும். ‘நீ’, ‘நீங்கள்’ என்னும் வேறுபாடு அவர் நாவிலேயே உள்ளது. பிரெஞ்சுப் புதினம் ஆங்கில வழியாகத் தமிழுக்கு வரும்போது முதலில் மறைவது இவ்வேறுபாடே. காம்யுவின் ‘அந்நியன்’ புதினத்தில் ரேமோன் தன்னை ‘நீ’ என விளிக்கத் தொடங்கிவிட்டதை மெர்சோ சற்றுப் பின்னரே உணர்கிறான். ஆங்கிலம் சுற்றிவளைத்துச் சொல்ல வேண்டிய இத்திருப்பத்தைத் தமிழ் ஒரு சொல்லில் காட்டும். அப்புதினத்தை வெ. ஸ்ரீராம் பிரெஞ்சிலிருந்தே தமிழாக்கியதன் பயன் இத்தகைய இடங்களில் புலனாகும்.

தமிழிலிருந்து பிரெஞ்சுக்குச் செல்லும் வழியும் புதுவையில் உண்டு. 1955இல் தோன்றிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரான்சுவா குரோவின் பரிபாடல் பிரெஞ்சாக்கத்தை 1968இல் வெளியிட்டது. அது தமிழ் கற்ற பிரெஞ்சு அறிஞரின் பணி. பிரெஞ்சு கற்ற தமிழரும் அவ்வழியே பெருகிச் செல்லுதல் வேண்டும். பிரெஞ்சுத் துறை இயங்கும் பல்கலைக்கழகத்திலேயே சுப்பிரமணிய பாரதியார் பெயரில் தமிழியற்புலமும் உள்ளது. இரண்டும் ஒரே மேசையில் அமர்ந்து மூலத்தையும் பெயர்ப்பையும் ஒப்புநோக்கும் பழக்கம் வேரூன்றுதல் இன்றியமையாதது. ஒரு மொழித்துறையின் வளர்ச்சியைப் பட்டம் பெற்றோர் தொகை முற்றும் காட்டாது. இடைமொழியின்றிக் கடந்துசெல்லும் நூல்களே அதனைக் காட்டும்.