கானாவில் ஒரு மின்வெட்டு

திருப்பூரில் பனியன் கம்பெனி நடத்தும் என் அக்கா மகன் ஒருநாள் காலையில் போன் செய்தான். "மாமா, நல்ல ஃபயர்வாலா ஒண்ணு பேர் சொல்லுங்க. உடனே வாங்கி மாட்டிடறேன்." தெரிந்த மில் ஒன்றில் யாரோ புகுந்து கம்ப்யூட்டர்களை எல்லாம் பூட்டிவிட்டுப் பணம் கேட்கிறார்களாம். இவனுக்கு இரண்டு நாளாகத் தூக்கமில்லை.

கம்ப்யூட்டர் வேலையில் முப்பது வருஷம் குப்பை கொட்டியவன் என்பதால், உறவுக்காரர்களுக்கு நான் ஃபீஸ் வாங்காத டாக்டர். "பேர் இருக்கட்டும்டா, உன் கம்பெனியில மொத்தம் எத்தனை கம்ப்யூட்டர்?" என்றேன். "ஒரு நாப்பது இருக்கும் மாமா." பின்னாலிருந்து யாரோ "அம்பதுங்க" என்று திருத்துவது கேட்டது.

அன்று ராத்திரியே பஸ் ஏறினேன். பாசம் மட்டும் காரணமில்லை. ஒரு பழைய கடனும் இருக்கிறது.

2003-ல் சென்னையில் ஒரு நடுத்தரக் கம்பெனியின் கம்ப்யூட்டர் பிரிவு என் பொறுப்பில் இருந்தது. தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு பேக்கப் டேப்பை மாற்றுவேன். திங்கள், செவ்வாய் என்று லேபிள் ஒட்டி, பீரோவில் வைத்துப் பூட்டி, ரிஜிஸ்டரில் 'மாற்றியவர்' என்ற கட்டத்தில் கையெழுத்துப் போடுவேன். ஒருநாள் சர்வரின் ஹார்ட் டிஸ்க் மண்டையைப் போட்டது. நான் பதறவில்லை. ஜம்பமாக பீரோவைத் திறந்தேன். திங்கள் டேப் காலி. செவ்வாய் காலி. புதனும் காலி. எட்டு மாதமாக அந்த டிரைவ் எதையுமே எழுதவில்லை. எழுதிவிட்டதாகச் சொல்லிக்கொண்டு மட்டும் இருந்திருக்கிறது. ஒரு டேப்பையாவது திருப்பிப் படித்துப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

கணக்குப் பிரிவில் இருந்த ஒரு அம்மாள் வவுச்சர்களை மலையாகக் குவித்துக்கொண்டு, எட்டு மாதக் கணக்கையும் மறுபடி டைப் அடித்தார். பதினோரு ஞாயிற்றுக்கிழமைகள். அந்த வருஷம் அவர் மகளுக்கு பிளஸ் டூ பரீட்சை. என்னைத் திட்டவில்லை. "தினமும் டேப் மாத்தினீங்களே சார்?" என்று மட்டும் கேட்டார். திட்டியிருக்கலாம்.

என் கதை சின்னது. பெரியது 2017 ஜூன் 27-ம் தேதி நடந்தது. உக்ரைனில் கணக்கு எழுதப் பயன்படும் ஒரு மென்பொருளின் அப்டேட்டுக்குள் ஒளிந்து வந்த 'நாட்பெட்யா', டென்மார்க்கின் மெர்ஸ்க் கப்பல் கம்பெனிக்குள் நுழைந்தது. பணம் கேட்பதுபோல் நடித்தது. கொடுத்தாலும் ஃபைல் திரும்பாது. அழிப்பதுதான் அதன் வேலை. மும்பை ஜவாஹர்லால் நேரு துறைமுகத்தில் அவர்கள் நடத்திய டெர்மினல்கூட ஸ்தம்பித்தது. அது பரவிய ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் அந்த மார்ச்சிலேயே மருந்து கொடுத்திருந்தது. ஆனால் மருந்து போட்டுக்கொண்ட கம்ப்யூட்டர்களும் விழுந்தன. காரணம், ஒரு கம்ப்யூட்டரின் நினைவகத்தில் கிடந்த பாஸ்வேர்டைத் திருடி, அதைக் காட்டியே அடுத்ததற்குள் ராஜமரியாதையோடு போயிற்று. வீட்டுக்குள் எல்லா அறைக்கும் ஒரே சாவி என்றால், வாசல் பூட்டு எவ்வளவு பெரிதாக இருந்து என்ன பிரயோஜனம்?

யாருக்கு எந்தக் கதவைத் திறக்கலாம் என்ற பட்டியலை வைத்திருக்கும் சர்வர்கள் மெர்ஸ்க்கிடம் சுமார் 150 இருந்தன. ஒன்று கெட்டால் இன்னொன்று கைகொடுக்கும் என்று கணக்கு. எல்லாமே ஒரே சமயத்தில் அழிந்தால்? அதை யாரும் யோசித்திருக்கவில்லை. தேடித் தேடி, கடைசியில் ஆப்பிரிக்காவில் கானா அலுவலகத்தில் ஒன்று உயிரோடு கிடைத்தது. எப்படித் தப்பியது? தாக்குதலுக்கு முன்பே அங்கே கரண்ட் போயிருந்தது!

அங்கிருந்து இணையத்தில் அனுப்பினால் பல நாள் ஆகும். நேரில் கொண்டுவரலாம் என்றால், கானா ஊழியர்களிடம் பிரிட்டன் விசா இல்லை. ஒருவர் நைஜீரியாவுக்குப் பறந்து, ஏர்போர்ட்டிலேயே ஹார்ட் டிஸ்க்கை இன்னொருவர் கையில் கொடுக்க, அவர் லண்டனுக்குக் கொண்டுபோனார். 2018-ல் 'வயர்ட்' பத்திரிகையில் ஆண்டி கிரீன்பெர்க் இதை விவரமாக எழுதினார். பத்து நாளில் 4,000 சர்வர், 45,000 கம்ப்யூட்டர்களைப் புதிதாக நிறுவியதாகக் கம்பெனியின் தலைவர் பிறகு சொன்னார். நஷ்டம் 25 முதல் 30 கோடி டாலர்.

மின்வெட்டை நம்பித் திட்டம் போட முடியாது. நம் ஊரில்கூட.

திருப்பூரில் முதல் நாள் பூரா எண்ணினோம். நாற்பதும் இல்லை, ஐம்பதும் இல்லை. கேமரா ரெக்கார்டர், கைரேகை வைக்கும் அட்டெண்டன்ஸ் மெஷின் எல்லாம் சேர்த்து நெட்வொர்க்கில் 71 உருப்படி. எம்ப்ராய்டரி மெஷின் பக்கத்தில் விண்டோஸ் எக்ஸ்பி ஒன்று தூசி மூடி ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு மைக்ரோசாஃப்ட் 2014-லேயே ஆதரவை நிறுத்திவிட்டது. "தூக்கிப் போட்டா மெஷின் ஓடாதுங்க" என்றார் சூப்பர்வைசர். சரி, ஓடட்டும், ஆனால் அதைத் தனி வலையில் போட்டு, கணக்கு சர்வர் பக்கமே வராமல் வேலி கட்டினோம்.

இரண்டாம் நாள் சாவிக் கணக்கு. இரண்டு வருஷம் முன்பு போட்டிக் கம்பெனிக்குப் போய்விட்ட மெர்ச்சண்டைசரின் லாகின் இன்னும் வேலை செய்தது. மாப்பிள்ளை முகம் வெளுத்தது. 2021-ல் அமெரிக்காவின் கலோனியல் பைப்லைனில், யாரும் பயன்படுத்தாத ஒரு பழைய கணக்கின் பாஸ்வேர்டு வழியாகத்தான் திருடர்கள் நுழைந்தார்கள். ஓடிபி மாதிரி இரண்டாவது பூட்டு அதற்கு இல்லை. பெட்ரோல் குழாயையே நிறுத்த வேண்டிவந்தது.

மூன்றாம் நாள் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தோம். எது நின்றால் கம்பெனி நிற்கும்? ஷிப்மென்ட் பேப்பர்கள், அப்புறம் சனிக்கிழமைக் கூலி. அவற்றுக்கு மூன்று பிரதி. ஒன்று எந்த வயரிலும் மாட்டாமல் வேறு இடத்தில். ஏதாவது நடந்தால் யார் வயரைப் பிடுங்குவது, யார் யாருக்குப் போன் செய்வது? நம்பர்களைப் பேப்பரில் எழுதி பீரோ கதவின் உட்புறம் ஒட்டியாயிற்று. செர்ட்-இன் 2022 ஏப்ரலில் போட்ட உத்தரவுப்படி, விஷயம் தெரிந்த ஆறு மணி நேரத்துக்குள் அவர்களுக்குத் தகவல் சொல்ல வேண்டும். அதையும் எழுதினோம்.

ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை. கணக்கு சர்வரின் வயரைப் பிடுங்கிவிட்டு, "இது செத்துப்போச்சு, இப்ப பேக்கப்ல இருந்து கொண்டாங்க" என்றேன். டிஸ்க் வந்தது. பாஸ்வேர்டு கேட்டது. கணக்குப் பார்க்கும் பெண் மெதுவாகச் சொன்னாள்: "அது அந்த சர்வர்லதான் சார் இருக்கு, ஒரு எக்ஸெல் ஷீட்ல."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நிஜமாக நடந்திருந்தால் அந்தப் பெண்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து டைப் அடிக்க வேண்டும்.

கிளம்பும்போது, "அப்ப ஃபயர்வால் மாமா?" என்றான். "வாங்கு. நோட்டுல எட்டாவது பக்கத்துல இருக்கு. முதல் ஏழு பக்கத்தை முடிச்சுட்டு வாங்கு."

பேக்கப்புக்குப் புதிதாக ஒரு ரிஜிஸ்டரும் போட்டுக் கொடுத்தேன். அதில் 'மாற்றியவர்' என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம்: 'திருப்பி எடுத்துப் பார்த்தவர்'. மாதம் ஒரு கையெழுத்து. 2003-ல் என் ரிஜிஸ்டரில் அந்தக் கட்டம் இல்லை.