கேஸ் கட்டில் இல்லாத பக்கங்கள்

இளைஞர் நீதிக் குழுமத்தில் கூண்டு கிடையாது. உயரமான மேடையும் கிடையாது. நடுவில் முதன்மை நடுவர், அவருக்கு இருபுறமும் இரண்டு சமூகப் பணியாளர்கள். அவர்களில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். மேசைக்கு இந்தப் பக்கம் பையன், அவன் அம்மா, நன்னடத்தை அலுவலர், வக்கீல். பார்வைக்கு நீதிமன்றம் போலவே இருக்கக் கூடாது என்று விதிகள் சொல்கின்றன. பிள்ளைகளிடம் பேசும் போலீஸ்காரர் இயன்றவரை சீருடையில்லாமல்தான் வர வேண்டும். செஷன்ஸ் கோர்ட்டில் ஜாமீன் மனுக்களும் வாய்தாக்களுமாகப் பழகிய நான் முதல்முறை அங்கே போனபோது, கையை எங்கே வைத்துக்கொள்வது, எந்தக் குரலில் பேசுவது என்று தெரியாமல் நின்றேன்.

என் சீனியரிடம் சேர்ந்தது அப்போதுதான். சட்டப் பணிகள் ஆணைக்குழு வழியாக இலவசமாக வரும் பிள்ளைகளின் வழக்குகளை அவர் பல காலமாக நடத்தி வருகிறார். நாங்கள் எல்லோரும் ‘மேடம்’ என்போம். முதல் நாள் ஒரு கேஸ் கட்டை என் கையில் கொடுத்து, “இதுல என்ன இல்லைன்னு எழுதிட்டு வாம்மா” என்றார்.

பெரியவர்கள் வழக்கின் கட்டு கையில் கனக்கும். பிள்ளைகளின் கட்டு மெலிசாக இருக்கும். நூலை அவிழ்த்தால் இரண்டு விரலில் பிடித்துவிடலாம். நான் உட்கார்ந்து, மகஜரில் சாட்சி கையெழுத்து விடுபட்டது, நேரம் முன்னுக்குப் பின் முரணாக இருப்பது என்று ஒரு பக்கம் நிறைய எழுதிக் கொண்டுபோனேன். அவர் படித்துவிட்டு மேசையில் வைத்தார். “இவன் எத்தனாவது படிக்கிறான்? அப்பா உயிரோட இருக்காரா? அன்னைக்கு ராத்திரி யார் வீட்டுல தூங்கினான்?” கட்டில் அதெல்லாம் இல்லை. போலீஸ் தரப்பு எழுதும் சமூகப் பின்னணி அறிக்கையில் ‘குற்றத்துக்கான காரணம்’ என்ற இடத்தில் ‘சேர்க்கை சரியில்லை’ என்று இரண்டு வார்த்தை மட்டும் இருந்தது. மெலிந்த கட்டைக் கண்டால் வேலை குறைவு என்று நினைக்கக் கூடாது, வேலையை யாரும் செய்யவில்லை என்று அர்த்தம் என்பது அவர் எனக்குச் சொன்ன முதல் பாடம்.

அடுத்து ஜாமீன் மனு. எனக்குத் தெரிந்த ஒரே வேலை அதுதான் என்று நம்பிக்கையோடு எழுதினேன். மனுதாரர் நிரபராதி, பொய்யாகச் சேர்க்கப்பட்டவர், தலைமறைவாக மாட்டார், தகுந்த ஜாமீன்தாரர்களைத் தரத் தயார். மேடம் சிவப்பு மையால் ஒவ்வொரு வரியையும் அடித்தார். 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 12-வது பிரிவை எடுத்து என்னையே வாசிக்கச் சொன்னார். பிள்ளைக்கு ஜாமீன் கொடுப்பதுதான் விதி. குற்றம் ஜாமீனில் விடத்தக்கதா, இல்லையா என்ற கேள்வியே எழாது. வெளியே விட்டால் குற்றவாளிகளோடு சேர்ந்துவிடுவான், அவனுக்கே ஆபத்து, நீதியின் நோக்கம் கெடும் என்று நம்பக் காரணம் இருந்தால்தான் மறுக்கலாம். அப்படியானால் மனு எதற்குப் பதில் சொல்ல வேண்டும்? யார் வீட்டில் இருப்பான், காலையில் யார் எழுப்புவார்கள், பள்ளி திரும்பச் சேர்த்துக்கொள்ளுமா, அந்தப் பழைய கூட்டாளி அதே தெருவில் இருக்கிறானா? அதையெல்லாம் எழுத, நான் அந்தத் தெருவுக்குப் போக வேண்டியிருந்தது. என் மனுக்கள் சிவப்பு இல்லாமல் திரும்பி வர வெகுகாலம் ஆயிற்று.

குழுமமே பிள்ளைகளின் நலனுக்காக இருக்கிறது, அங்கே வக்கீல் எதற்கு என்று ஒருநாள் கேட்டேன். மனதில் உண்மையாகவே இருந்த சந்தேகம். மேடம் ஓர் அமெரிக்கத் தீர்ப்பின் நகலை எடுத்துக் கொடுத்தார். 1967-ல் வந்த கால்ட் வழக்கு. அரிசோனாவில் 15 வயதுப் பையன் ஒருவன், பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குத் தொலைபேசியில் ஆபாசமாகப் பேசினான் என்று பிடிக்கப்பட்டான். வக்கீல் இல்லை, புகார் சொன்ன பெண் விசாரணைக்கு வரவே இல்லை. அதே குற்றத்தைப் பெரியவர் செய்திருந்தால் சிறிது அபராதம், இல்லையென்றால் அதிகபட்சம் இரண்டு மாதச் சிறை. அவனுக்கோ 21 வயது ஆகும்வரை சீர்திருத்தப் பள்ளி. எல்லாம் அவன் நன்மைக்கென்றே செய்யப்பட்டது. வக்கீல் வைத்துக்கொள்ளும் உரிமை பிள்ளைக்கும் உண்டு என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொன்னது அந்த வழக்கில்தான். நம் ஊரில் சென்னை மாகாணக் குழந்தைகள் சட்டம் 1920-லேயே வந்துவிட்டது. நூறாண்டு கடந்தும் அந்தத் தீர்ப்பை ஜூனியர்களுக்கு வாசிக்கக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

வயது விஷயத்தில் நான் சறுக்கியதை இன்றும் மறக்க முடியவில்லை. பையனுக்கு 17 என்று அம்மா சொன்னார். போலீஸ் 19 என்று எழுதியிருந்தது. அறிவியல்பூர்வமாக இருக்கட்டும் என்று நான் எலும்புப் பரிசோதனை கேட்டு மனுப் போட்டேன். மணிக்கட்டையும் முழங்கையையும் எக்ஸ்ரே எடுத்து, எலும்பின் முனைகள் இணைந்துவிட்டனவா என்று பார்த்து வயதைச் சொல்வார்கள். அந்தப் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் எல்லாம் துல்லியமாகத் தெரிவது போலத்தான் இருக்கும். ஆனால் அதில் இரண்டு வருடம் முன்னே பின்னே ஆகலாம் என்று நீதிமன்றங்கள் பல காலமாகச் சொல்லி வருகின்றன. 94-வது பிரிவு ஒரு வரிசையை வைத்திருக்கிறது: முதலில் பள்ளிச் சான்று அல்லது பத்தாம் வகுப்புச் சான்று, அது இல்லையென்றால் நகராட்சியோ ஊராட்சியோ தந்த பிறப்புச் சான்று, இரண்டுமே இல்லாதபோதுதான் மருத்துவப் பரிசோதனை. நான் கடைசிப் படியில் கால் வைத்தேன். பரிசோதனைக்குத் தேதி கிடைக்கத் தாமதமாயிற்று. அதுவரை பையன் உள்ளேயே இருந்தான்.

மேடம் அன்று என்னைத் திட்டவில்லை. பையன் படித்த தொடக்கப் பள்ளிக்குக் கூட்டிக்கொண்டு போனார். தலைமை ஆசிரியர் பீரோவிலிருந்து சேர்க்கைப் பதிவேட்டை எடுத்து வைத்தார். ஓரம் நைந்த காலிகோ அட்டை, நீலம் மங்கிய மை. “தேதியை மட்டும் பாக்காத. மேலயும் கீழயும் பாரு” என்றார் மேடம். மேலும் கீழும் பல பிள்ளைகளுக்கு ஜூன் மாதத்திலேயே பிறந்தநாள். சேர்க்கைக்கு வயது பொருந்தட்டும் என்று எழுதப்பட்ட தேதிகள். எங்கள் பையனுக்கு மட்டும் நவம்பர். அப்படியானால் யாரோ ஒரு காகிதத்தைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். விசாரித்தபோது, ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிறந்த சீட்டைக் கொண்டுவந்தேன் என்று பாட்டி சொன்னார். அன்றிலிருந்து பதிவேட்டைத் திறந்தால் என் விரல் முதலில் மேல் வரிக்குத்தான் போகும்.

இதையெல்லாம்விடக் கடினம் பையனோடு பேசக் கற்றது. கூர்நோக்கு இல்லத்தில் எதிரே உட்கார்ந்து, கையில் பேனாவோடு, “என்ன நடந்துச்சு? ஏன் போன?” என்று கேட்பேன். எல்லோரும் ஒன்றுபோல ‘ஆமா’ என்றார்கள், அல்லது தரையைப் பார்த்தார்கள். அந்த ஆமாவை நான் குறித்துக்கொண்டு வருவேன். ஒருநாள் மேடம் கூட வந்தார். அவன் எதிரே உட்காரவில்லை, பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்தார். காலையில் என்ன சாப்பாடு என்று கேட்டார். இங்கே கேரம் போர்டு இருக்கிறதா என்று கேட்டார். பேச்சுக்கு நடுவே, “நீங்க எல்லாம் அந்த சிவப்பு வண்டியிலதான போனீங்க?” என்றார். “ஆமாக்கா” என்றான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த வழக்கில் சிவப்பு வண்டியே இல்லை.

வெளியே வந்ததும் அவர் சொன்னது இவ்வளவுதான்: “பெரியவங்க என்ன எதிர்பார்க்கிறாங்களோ அதத்தான் இவன் சொல்றான். இப்ப போலீஸ் வாங்கின ஒப்புதல் வாக்குமூலத்த திரும்பப் படி.” படித்தேன். அந்தப் பையன் வாழ்க்கையில் ஒருமுறைகூடப் பேசியிருக்க முடியாத வாக்கியங்கள் வரிசையாக இருந்தன.

‘ஏன்’ என்ற சொல்லை விட்டேன். ‘அதுக்கு அப்புறம்?’ என்பதை மட்டும் வைத்துக்கொண்டேன். அவன் பேசாமல் இருக்கும்போது நானும் பேசாமல் இருக்கப் பழகினேன்; அதுதான் எனக்கு மிகத் தாமதமாக வந்தது. நான் யார், போலீஸ் இல்லை, அம்மாவிடம்கூட நீ சொல்வதைச் சொல்ல மாட்டேன் என்று முதலில் விளக்குவதும், அம்மாவைப் பணிவாகச் சிறிது நேரம் வெளியே உட்காரச் சொல்வதும் வழக்கமாயிற்று. “வக்கீலம்மா, நான் பெத்தவ” என்று சிலர் கோபித்துக்கொள்வார்கள். அந்தக் கோபத்தைப் பொறுத்துக்கொள்வதும் வேலையில் சேர்த்திதான்.

பிறகு வந்தது 15-வது பிரிவு. கொடுங்குற்றம், அதாவது குறைந்தபட்சத் தண்டனையே 7 ஆண்டோ அதற்கு மேலோ உள்ள குற்றம், 16 வயது முடிந்த பையன்மீது சுமத்தப்பட்டால் குழுமம் முதல்கட்ட மதிப்பீடு செய்ய வேண்டும். அந்தச் செயலைச் செய்யும் உடல், மன ஆற்றல் இருந்ததா, விளைவைப் புரிந்துகொள்ளும் திறன் இருந்ததா, எந்தச் சூழலில் நடந்தது? அதைப் பொறுத்து வழக்கு குழந்தைகள் நீதிமன்றத்துக்குப் போய், பெரியவரைப் போல விசாரிக்கப்படலாம். குழுமத்தில் இருந்தால் அதிகபட்சம் சிறப்பு இல்லத்தில் 3 ஆண்டு. அங்கே போனால் மரண தண்டனையும் விடுதலைக்கு வழியில்லாத ஆயுளும்தான் கிடையாது.

அப்படி ஒரு வழக்கில் மேடம் என்னைப் பேசவிட்டார். இரவெல்லாம் தயாரித்த வாதம்: பையன் செய்யவே இல்லை. முதன்மை நடுவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அது இப்ப கேள்வி இல்லையேம்மா” என்றார். இது விசாரணை அல்ல என்று சட்டமே விளக்கக் குறிப்பில் சொல்லியிருக்கிறது. உளவியலாளர் அறிக்கை ஒரே பக்கம். நுண்ணறிவு ஈவு சராசரி, ‘விளைவுகளை அறிவான்’ என்று ஒரு வரி. அதன்மீது நான் ஒன்றும் கேட்கவில்லை. வழக்கு மாற்றப்பட்டது. பையனின் அக்கா வராந்தாவில் என்னிடம், “இனி என்ன ஆகும்?” என்று கேட்டார். மேல்முறையீட்டுக்கு 30 நாள் இருக்கிறது என்று சொன்னேன்.

அன்று மாலை, கேட்டிருக்க வேண்டிய கேள்விகளை மேடம் எழுதச் சொன்னார். எத்தனை நிமிடம் பேசினீர்கள்? அறையில் வேறு யார் இருந்தார்கள்? பையன் சாப்பிட்டிருந்தானா? எந்தத் தேர்வைப் பயன்படுத்தினீர்கள், அவன் எழுதிய தாள் எங்கே? ‘கொன்றால் ஜெயிலுக்குப் போவார்கள்’ என்று சொன்னதை வைத்து விளைவை அறிவான் என்று எழுதினீர்களா? எழுத எழுத நீண்டது. மறுநாள் அவருக்குத் தெரிந்த ஒரு மருத்துவ உளவியலாளரிடம் என்னை அனுப்பினார். அந்த அம்மா எனக்கு இன்னொரு ஆசிரியர். “ஐ.கியூ.ங்கிறது அமைதியான அறையில எடுத்த நம்பர். நீச்சல் தெரியுங்கிறது வேற, வெள்ளத்துல விழுந்தப்ப கைய வீசினானாங்கிறது வேற” என்றார். லாரன்ஸ் ஸ்டைன்பெர்க் என்ற உளவியலாளர் சக ஆய்வாளரோடு 2005-ல் வெளியிட்ட ஆய்வைக் காட்டினார். வண்டி ஓட்டும் கணினி விளையாட்டில், நண்பர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது வளரிளம் பருவத்தினர் தனியாக ஆடியதைவிட அதிக அபாயத்தில் இறங்கினார்கள். பெரியவர்களிடம் அந்த வேறுபாடு ஏறக்குறைய இல்லை. எங்கள் பையனோடு அன்று ஒரு கூட்டமே நின்றது. அதை நான் குழுமத்தில் சொல்லவே இல்லை.

மேல்முறையீட்டு மனுவை நானே எழுதினேன். குருகிராம் பள்ளி வழக்கில் 2022 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொன்னதுதான் அதன் முதுகெலும்பு: குழுமத்தில் குழந்தை உளவியல் படித்தவர் இல்லையென்றால், நிபுணர் உதவியைப் பெற்றே ஆக வேண்டும், அது விருப்பத்துக்கு விட்ட விஷயம் அல்ல. வழக்கு மறுமதிப்பீட்டுக்குத் திரும்பி வந்தது.

இரண்டாம் முறை நான் குற்றத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. பள்ளி வருகைப் பதிவேட்டின் நகலை வைத்தேன்; அப்பா இறந்த மாதத்திலிருந்து கட்டம் கட்டமாக ‘ஆ’ போட்டிருந்தது, ஆப்சென்ட். வீட்டுக்கு என்னோடு வந்த நன்னடத்தை அலுவலரின் சமூக விசாரணை அறிக்கை இம்முறை பல பக்கம். நிபுணரிடம் கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டு உட்கார்ந்தேன். அப்போது சமூகப் பணியாளர் உறுப்பினர் முன்னால் சாய்ந்து, “அன்னைக்கு அவன்கூட எத்தனை பேர் இருந்தாங்க? அதுல பெரியவங்க யாரு?” என்று கேட்டார். நான் கேட்கத் தயாரித்து வைத்து, கேட்காமல் விட்ட கேள்வி அது. வழக்கு குழுமத்திலேயே இருந்தது.

சென்ற ஆண்டு இன்னொரு பழைய வழக்கின் பையன், இப்போது இளைஞன், போன் செய்தான். வேலைக்கான விண்ணப்பத்தில் ‘உங்கள் மீது வழக்கு இருந்ததா’ என்ற கட்டம்; என்ன எழுதுவது? மேடம் போனை என்னிடம் தந்துவிட்டு, “நீயே பாத்துக்கோ” என்று அடுத்த கட்டை எடுத்தார். 24-வது பிரிவைப் பிரித்தேன்: பிள்ளைப் பருவத்து வழக்கால் எந்தத் தகுதியிழப்பும் வரக் கூடாது, மேல்முறையீட்டுக் காலம் போனபின் பதிவுகளை அழிக்கக் குழுமம் உத்தரவிட வேண்டும். 2019-ல் உச்ச நீதிமன்றம் இதே போன்ற ஒரு வேலை வழக்கில் இளைஞன் பக்கம் நின்றது. அழிக்கும் உத்தரவு காவல் நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்ததா என்று மறுநாள் குழுமத்து அலுவலகத்தில் விசாரித்தேன். போகவில்லை. நகல் கேட்டு மனு எழுதி, நானே கையெழுத்துப் போட்டு, பிற்பகலில் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோனேன்.